புயல் இரவும் நகரும் வீடும்



தஞ்சைக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய எட்டுப் பக்கக் கடிதம் இம்மாதம் என் மேசைக்கு வந்தது. அவருடைய மகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் மனைவி மக்களுடன் வசிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் பழைய 'மோட்டார் ஹோம்' ஒன்றை விலைக்கு வாங்கினாராம். "ஊரில் குமர் காரியங்கள் எத்தனையோ இருக்க, உருளும் வீட்டுக்கு இவ்வளவு பணமா? இது வீண்விரயம் அல்லவா?" என்று இந்தத் தாய் கடிந்துகொண்டிருக்கிறார்.

2024 ஜூலை 8 அன்று விடியற்காலையில் 'பெரில்' என்னும் புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் மட்டும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தன. சில பகுதிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் விளக்கு எரியவில்லை. புயலுக்குப் பின் வந்ததோ கடும் வெயில். அந்த நாட்களில் மகனின் குடும்பத்துக்கு ஒளியும் காற்றும் குளிர்ந்த நீரும் தந்தது அதே உருளும் வீடுதான். வண்டியில் உள்ள ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துப் படுக்கையறையில் சிறிய ஏ.சி.யை இயக்கினாராம். தெருவாசிகளின் செல்பேசிகளுக்கு மின்னேற்றித் தந்தாராம். பக்கத்து வீட்டு மூதாட்டியின் இன்சுலின் மருந்து வண்டியின் குளிர்பெட்டியில் பத்திரமாக இருந்ததாம்.

"நான் வீண்விரயம் என்று சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டுமா? அடுத்த புயலுக்கும் இப்படியே செய்துகொள்வேன் என்கிறான் மகன். நான் நிம்மதியாக இருக்கலாமா?" இவை இரண்டும் அந்தத் தாயின் கேள்விகள்.

இரண்டாவது கேள்விக்கே முதலில் விடை கூற வேண்டும். ஏனெனில் ஆறாம் பக்கத்தில், போகிற போக்கில், அவர் எழுதியிருந்த மூன்று வரிகள் என்னைத் திடுக்கிட வைத்துவிட்டன. "இரண்டாம் நாள் காலையில் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே தலைவலி, குமட்டல். சூடு ஒத்துக்கொள்ளவில்லை போலும். வெளியே மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்."

நேயர்களே, அது வெயிலின் சூடு என்று என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லுமுன் அந்த வண்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

வண்டிக்குள் ஒரு வீடு

மோட்டார் ஹோம் என்பது பேருந்து அல்லது வேன் அளவிலான வாகனத்துக்குள் அமைந்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் உண்டு. விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காக வாங்குகிறார்கள். முகாம் மைதானங்களில் நிறுத்தும்போது அங்குள்ள மின்செருகியில் இணைத்துக்கொள்வார்கள். காட்டிலோ மலையிலோ நிறுத்தினால் சொந்த மின்சாரம் வேண்டுமே! அதற்காக இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

ஒன்று, 12 வோல்ட் பாட்டரிகள். என்ஜினைக் கிளப்பும் பாட்டரி வேறு, வீட்டுப் பகுதிக்கான பாட்டரிகள் வேறு. இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காக இந்தப் பிரிவினை. மற்றொன்று, வண்டியின் உடலோடு பொருத்தப்பட்ட ஜெனரேட்டர். நடுத்தர வண்டிகளில் இது பெரும்பாலும் 4,000 வாட் ஆற்றல் உடையது. வண்டி ஓடும் பெட்ரோல் தொட்டியிலிருந்தே இதுவும் எரிபொருளை உறிஞ்சும். ஆனால் தொட்டியில் ஏறத்தாழக் கால் பங்கு எஞ்சும்போது ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும்படி உறிஞ்சுகுழாயை உயர்த்தி வைத்திருப்பார்கள். விளக்குக்காக எரிபொருளைத் தீர்த்துவிட்டு ஊர் திரும்ப வழியின்றி நிற்கக் கூடாதல்லவா?

குளிர்பெட்டியும் விசித்திரமானது. பல வண்டிகளில் அது சமையல் எரிவாயுவின் சிறு சுடரைக் கொண்டே குளிரூட்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரமும் வேண்டும், அவ்வளவுதான். மூதாட்டியின் இன்சுலின் பிழைத்தது இதனால்தான். (இன்சுலின் உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். ஆகவே குளிர்பெட்டியின் உட்பக்கச் சுவரை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வைக்க வேண்டும்.)

புயல் மின்சாரத்தைப் பறித்த நாளில் இத்தனையும் வாசலிலேயே நிற்பது பெரும் வசதிதான். ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

மணமில்லாத மரணம்

பெட்ரோல், டீசல், விறகு, கரி, எரிவாயு எதுவாயினும், எரியும்போது போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் வழியே இது ஏராளமாக வெளிவரும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமப்பதற்காகவே படைக்கப்பட்டவை. ஆனால் இந்த வாயு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். உடலுக்கோ பிராணவாயு போய்ச் சேராது.

இதன் முதல் அறிகுறிகள் என்ன? தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு. வெளிக்காற்றுக்கு வந்தால் சற்று நேரத்தில் தெளியும். வீட்டில் பலருக்கும் ஒரே வேளையில் வரும். அந்தத் தாயின் மூன்று வரிகளை இப்போது மீண்டும் படித்துப் பாருங்கள். விழித்திருப்பவர் தலைவலியால் எச்சரிக்கை பெறுவார். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டாது.

கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அன்றே தொலைபேசினேன். தாயின் அனுமதியோடு மகனிடமும் பேசினேன். வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். வீட்டுச் சுவரை ஒட்டி, படுக்கையறைச் சன்னலிலிருந்து ஐந்தாறு அடி தொலைவில் என்றார். ஒயர் எந்த வழியே சென்றது? அதே சன்னல் வழியே. ஒயர் கனமானது என்பதால் சன்னலை முழுவதும் மூட முடியவில்லை. இரவு முழுவதும் ஜெனரேட்டர் ஓடியது. மூன்றாம் நாள் அதன் இரைச்சல் தாளாமல் வண்டியைத் தெருமுனைக்கு நகர்த்திவிட்டாராம். அதன்பின் எவருக்கும் தலைவலி இல்லை. "இரைச்சலுக்காகத்தான் நகர்த்தினேன்" என்று அவர் சொன்னபோது இருவரும் சற்று நேரம் பேசவில்லை. தன் வீட்டில் அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லை என்றும் பின்னர் சொன்னார். வண்டிக்குள் இருந்தது, ஆனால் வண்டிக்குள் எவரும் படுக்கவில்லை.

இது எங்கோ ஒரு வீட்டில் நேர்ந்த அபூர்வம் அன்று. 2020 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய 'லாரா' புயலில், கடல் பொங்கியதால் மாண்டவர்களைவிட, புயல் ஓய்ந்தபின் ஜெனரேட்டர் புகையால் மாண்டவர்களே அதிகம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வீசி மின்சாரம் நின்றது. அதில் 246 பேர் இறந்ததாக அம்மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் 19 பேர் இந்த வாயுவால் இறந்தவர்கள். குளிர் காய்வதற்காக மூட்டிய கரியும், ஒளிக்காக ஓட்டிய ஜெனரேட்டரும், கொட்டகைக்குள் இயக்கிய காரும் எமனாயின. நம் அண்டை மாநிலத்திலும் நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகை வண்டியின் அடித்தளத்து இடைவெளி வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதில் இருந்தோருடன் தீப்பற்றி எரிந்தது. செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதனுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. அன்றைய நெருப்பு அகல்விளக்கின் திரியில் இருந்தது. இன்றைய நெருப்பு இரும்புப் பெட்டிக்குள் மறைந்து நின்று எரிகிறது. கண்ணுக்குத் தெரியாததால் அது நெருப்பென்றே நாம் எண்ணுவதில்லை. அறிவுரையோ இரண்டுக்கும் பொருந்துகிறது.

இரவுக்கு ஒரு கணக்கு

ஆகவே அந்த மகனுக்கு நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கியிருக்க வேண்டும். அண்டை வீட்டுச் சன்னலும் அந்தக் கணக்கில் சேரும். வாகனக் கொட்டகை, திண்ணை, மாடிப்படிக்கு அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஒருபோதும் ஓட்டலாகாது. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான எண்ணம். ஒயர் நுழையும் இடைவெளியைத் துணியால் அடைப்பது நல்லதுதான், ஆனால் தொலைவுக்கு அது ஈடாகாது. பாட்டரியால் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறை அருகே பொருத்த வேண்டும். அது ஒலித்தால் காரணம் தேடிக்கொண்டிராமல் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும்.

அடுத்தது எரிபொருள். 4,000 வாட் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். வண்டியின் தொட்டி 200 லிட்டர் கொள்வது என்று வைத்துக்கொள்வோம். தொடாத கால் பங்கு போக, கைக்குக் கிடைப்பது 150 லிட்டர். இரவு பகலாக ஓட்டினால் மூன்று நாளில் தீர்ந்துவிடும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் பன்னிரண்டு நாள் வரும். மின்சாரம் இல்லாதபோது பெட்ரோல் நிலையத்தின் பம்புகளும் ஓடா. தொட்டியை நிரப்பும் வேளை புயலுக்கு முந்தைய நாள்தான்.

எனவே பகலில் மூன்று மணி, மாலையில் மூன்று மணி எனப் பிரித்து ஓட்டினால் போதும். அந்த நேரத்தில் வீட்டுக் குளிர்பெட்டி குளிர்ந்துவிடும், பாட்டரிகள் நிறைந்துவிடும், அறையும் குளிர்ந்துவிடும். படுக்கச் செல்லுமுன் ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். 100 ஆம்பியர்-மணி பாட்டரிகள் இரண்டு இருந்தால் அவற்றில் 2,400 வாட்-மணி இருக்கும். பழைய ஈய பாட்டரியானால் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அந்த 1,200-இல், 50 வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழல 400 போதும். இரண்டு சிறு விளக்குகளும் நான்கு செல்பேசிகளும் மேலும் 200-ஐ எடுக்கலாம். இரவு கழிந்துவிடும், மிச்சமும் இருக்கும். மூடியே வைத்திருந்தால் வீட்டுக் குளிர்பெட்டி நான்கு மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி இரண்டு நாளும் தாங்கும். அடிக்கடி திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் நட்டம்.

வீட்டில் நோயாளி இருந்து, இரவிலும் ஓட்டியே தீர வேண்டும் என்றால்? தொலைவும் எச்சரிக்கைக் கருவியும் இருந்தாலும், வீட்டில் ஒருவர் முறை வைத்து விழித்திருக்க வேண்டும். வெயில் தாளாத முதியோரையும் கைக்குழந்தைகளையும் மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்கோ அரசு அமைக்கும் குளிர்நிலையத்துக்கோ அனுப்பிவிடுவது இதைவிட மேலானது.

இன்னொன்றும் உண்டு. இந்த வண்டி புயலுக்குப் பின்தான் உதவும், புயல் வீசும்போது புகலிடம் ஆகாது. உயரமான மெல்லிய பக்கச் சுவர்களைக் கொண்ட அதைப் பெருங்காற்று புரட்டிப் போட்டுவிடும். வெளியேறும்படி ஆணை வந்தால், அதை ஓட்டிக்கொண்டு முன்கூட்டியே வெளியேறிவிட வேண்டும்.

கம்பத்தின் மேல் நிற்பவர்

மகன் மற்றொன்றும் சொன்னார். நண்பர் ஒருவர், இரு முனையிலும் ஆண்செருகி உள்ள ஒயரைத் தயாரித்து, துணி உலர்த்தும் இயந்திரத்தின் மின்செருகியில் சொருகிவிட்டால் வீடு முழுவதும் விளக்கெரியும் என்று யோசனை கூறினாராம். அடுத்த முறை அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன்.

வீட்டுக்குள் அப்படிப் பாயும் மின்சாரம் வீட்டோடு நிற்காது. மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்குச் செல்லும். வழக்கமாக உயர் அழுத்தத்தைத் தாழ்த்தி நமக்குத் தரும் மின்மாற்றி, தலைகீழாக நுழையும் மின்சாரத்தை உயர்த்தி அனுப்பும். நம் 240 வோல்ட், அமெரிக்கத் தெருக்களில் 7,200 வோல்ட்டாக மாறிக் கம்பியில் நிற்கும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அதைத் தொடும் தொழிலாளி ஒரு நொடியில் உயிரிழப்பார். நம் வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவரத்தான் அவர் கம்பம் ஏறினார். தெரு இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகே ஜெனரேட்டரை இணைக்கவிடும் மாற்றுச்சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்த வேண்டும். அது இல்லையேல், தடித்த ஒயர் மூலம் தேவையான கருவிகளுக்கு மட்டும் நேராகக் கொடுக்க வேண்டும்.

இதை நம் ஊரிலும் எண்ணிப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரங்கள் ஆயின. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றிய நாட்களை நம் சகோதரிகள் மறந்திருக்க முடியாது. அப்போது கேரளத்திலிருந்துகூட மின்பணியாளர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கில்லை என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. முகம் அறியாத அந்தத் தொழிலாளியின் உயிரும் அந்த விதிக்குள் அடங்கும்.

வீண்விரயமா?

இனி முதற் கேள்வி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்பித்ததைத் திர்மிதி நூலில் காண்கிறோம். பஞ்சத்துக்கு முன்பே தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறும் திருக்குர்ஆனில் இருக்கிறது. முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதன்று.

எனினும் மின்தடைக்காக மட்டும் மோட்டார் ஹோம் வாங்க வேண்டும் என்று எவருக்கும் நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு தேவைக்கு ஒரு சிறு ஜெனரேட்டரோ, பாட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்ட பெட்டியோ போதும். இன்றைய மின்சாரக் கார்கள் சில, வீட்டுக் கருவிகளுக்கும் தம் பாட்டரியிலிருந்து மின்சாரம் தருகின்றன. அவற்றில் புகையும் இல்லை. ஆனால் குடும்பப் பயணத்துக்காக முன்பே வாங்கிய ஒன்று, ஆபத்து நாளில் தெருவுக்கே உதவியது என்றால், அதை வீண் என்று சொல்ல என் நா எழவில்லை.

திருக்குர்ஆனின் 107-ஆவது அத்தியாயத்துக்கு 'அல்மாஊன்' என்று பெயர். அண்டை வீட்டார் கேட்டால் இரவல் தரும் பானை, வாளி, கோடரி போன்ற அற்பப் பொருட்களை அச்சொல் குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் பலர் கூறுவர். அவற்றைத் தர மறுப்பதைத் தொழுகையில் அலட்சியம் காட்டுவோரின் குணங்களோடு சேர்த்து இறைவன் கண்டிக்கிறான். புயல் இரவில் ஒரு செல்பேசிக்கு ஏற்றும் மின்சாரமும், ஒரு குப்பி மருந்துக்கான குளிரும் இக்காலத்து மாஊன் அல்லவா? அந்த மூதாட்டி நம் மார்க்கத்தவர் அல்லர். அண்டை வீட்டார் என்ற உரிமைக்கு அது தடையும் அன்று.

எனவே, சகோதரியே! அந்த வார்த்தையைத் தாராளமாகத் திரும்பப் பெறுங்கள். ஆனால் நிம்மதியை மட்டும் சிறிது காலம் தள்ளி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் தறுவாயில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மகன் வீட்டுக்கு இரண்டு எச்சரிக்கைக் கருவிகளும், மூதாட்டியின் வீட்டுக்கு ஒன்றும் வாங்கிப் பொருத்திவிட்டாராம். மின்பணியாளரை வரவழைத்து மாற்றுச்சுவிட்சுக்கு ஏற்பாடு செய்திருக்கிறாராம். தெருமுனையில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைப் பேரப்பிள்ளைகள் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம்.

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் இருக்குமானால், அது எங்கே நிற்கிறது, புகை எங்கே போகிறது என்று இன்றே ஒருமுறை எழுந்து சென்று பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால், இன்றிரவு பேசும்போது இதையும் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும், தெரிந்த ஆபத்துகளிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.